செங்கலுக்கு ஆகாத மண்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் இங்கே கைகால் விளங்க, நேரத்துக்குப் பசி எடுக்க, ஒருவரோடு ஒருவர் சண்டை போடும் தெம்போடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அதே தெம்போடு இருப்பதாக உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் எனக்குப் போதும். அம்மாவின் கண்ணில் கட்டுப் பிரித்து நாளாகிவிட்டது, இப்போது என் சட்டைக் காலரின் அழுக்கு வரை தெரிகிறதாம், அதனால் வீட்டில் எனக்குத்தான் நிம்மதி போயிற்று. போன வாரம் போனில் நீ சொன்னதற்குப் பதில் சொல்லாமல் நான் வைத்துவிட்டேன் என்று அம்மாவிடம் குறைப்பட்டாயாம். "எதுக்குப்பா இந்த வயசுல இவ்வளவு பிடிவாதம், பெரியப்பா சொல்றபடி மண்ணைக் குடுத்துட்டு இங்க எங்ககூட வந்து இருங்களேன்" என்றாய். அது உன் வாயில் வந்த பெரியப்பாவின் பேச்சு என்று எனக்குத் தெரியாதா. போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா சரிப்பா" என்று என் வாயை அடைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். காகிதம் குறுக்கே பேசாது. மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு, சிரிக்கிற இடத்தில் சிரிக்கட்டும்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் உன் பெரியப்பா வாயால் கேட்ட கதை. என் வாயால் ஒருமுறை கேள். தாத்தா எங்கள் இருவருக்கும் பொதுவில் விட்டுப்போன நிலம் அது, பிரிக்கவே இல்லை. செம்மண், பல வருடம் உறிஞ்சி உறிஞ்சிச் சக்கையான மண், மழை பெய்தால் மேலே ஆடை கட்டி இறுகிவிடும், வெயில் அடித்தால் ஓடு மாதிரி வெடிக்கும். நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலையை விட்டு வந்து அதில் இறங்கியபோது பெரியப்பா சிரித்தார். ஏன் விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதையும் அவர் வேறு மாதிரிதான் உனக்குச் சொல்லியிருப்பார். எந்த ஊர் மண் வந்தாலும் ஒரே உரச் சிபாரிசை எழுதி அனுப்பு என்றார் என் மேலதிகாரி. அப்படியானால் மண்ணை எதற்குப் பரிசோதிக்கிறோம் என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். அடுத்த மாதம் என்னைக் காலிக் குப்பிகள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். குப்பி அடுக்கவா நான் படித்தேன். அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான், அது ஆறவேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை. பெரியப்பாவுக்கு இதெல்லாம் காதில் ஏறாது. அவருடைய சிமெண்டுக் கடைக்கு வந்துபோகிற செங்கல் சூளைக்காரர் ஒருவர், மேல்மண்ணை வெட்டிக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவைத்திருந்தார். "விளையாத மண்ணை மண்ணாவே வித்துடலாம்டா" என்று மூன்று வருடமாக அதே பாட்டு. வெட்டி எடுத்தபின் அங்கே என்ன இருக்கும், ஒரு பள்ளம் இருக்கும், மழைக்குத் தண்ணீர் நிற்கும், கொசு பிறக்கும். மண் ஒருமுறை லாரி ஏறினால் திரும்ப வந்து இறங்காது, இது அவருக்குப் புரியவில்லை. கடைசியில் போன வருடம் ஒரு பேச்சு வைத்தோம். அடுத்த முறை நம் மக்காச்சோளம் பக்கத்து நிலத்துச் சோளத்துக்குச் சமமாக நின்றால் நிலம் நிலமாக இருக்கும், நான் இருக்கும்வரை சூளை என்ற வார்த்தை வரக்கூடாது. நிற்காவிட்டால் நான் வாயைத் திறக்காமல் ஒதுங்கவேண்டும். சரி என்றேன். பக்கத்து நிலத்துக்காரர் மூட்டை மூட்டையாக உரம் கொட்டுகிறவர் என்று தெரிந்தேதான் சரி என்றேன்.

என்னுடைய வழி என்னவென்று உனக்கு ஒருநாளும் பொறுமையாகச் சொன்னதில்லை. உன் தாய்மாமன் இருக்கிறாரே, நாங்கள் சாணி மாமா என்று கூப்பிடுவோமே, அவர் ஞாயிறுதோறும் வந்து என்னை விஷம் வைக்கிறவன் என்பார். உரம் என்று ஒரு பிடி மண்ணில் பட்டாலே பாவம், மாட்டெரு ஒன்றே போதும் என்பது அவர் கட்சி. நம்மிடம் இருப்பது ஒரு மாடு, ஒரு கன்று. இரண்டும் ராப்பகலாக வேறு வேலை இல்லாமல் சாணி போட்டாலும் அத்தனை நிலத்துக்கும் எட்டாது, அந்தக் கணக்கை மட்டும் அவர் போடமாட்டார். உரக்கடைக்காரரோ நேர் எதிர்க் கட்சி. "சார், குப்பையைக் கிளறி ஏன் கஷ்டப்படறீங்க, மூட்டையைப் பிரிச்சு வீசிட்டு வீட்ல போய்ப் படுங்க" என்பார். வீசலாம், ஆனால் மக்கிய தழை, எரு எதுவும் இல்லாத மண் ஓட்டைப் பாத்திரம், உரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள அதற்குக் கையில்லை, ஒரு பெரிய மழை வந்தால் போட்டதெல்லாம் ஓடிவிடும். ஆக இரண்டு பேருக்கும் நான் ரெண்டுங்கெட்டான். என் விவசாயத்துக்கே ரெண்டுங்கெட்டான் விவசாயம் என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் மாமாவும் கடைக்காரரும் ஒத்துப்போன ஒரே விஷயம் என்னைத் திட்டுவதுதான், அந்த வகையில் நான் ஊருக்கு ஒற்றுமை கொண்டுவந்தவன். நான் செய்வது இவ்வளவுதான். எருவை வெயிலுக்கும் மழைக்கும் காட்டாமல் மூடி மக்கவைக்கிறேன், நிலமெல்லாம் இறைக்காமல் விதை விழும் குழியில் மட்டும் ஒரு கை வைக்கிறேன், அப்போது கொஞ்ச எருவும் எட்டும். சோளத்துக்கு முன்னால் தட்டைப்பயறு விதைக்கிறேன், அதற்கு வேரை வளர்க்கும் மணிச்சத்து உரம் மட்டும் கொஞ்சம். பயறின் வேரில் சின்னச் சின்ன முடிச்சு பிடிக்கும், அது யூரியாவில் இருக்கிற அதே தழைச்சத்தைக் காற்றிலிருந்து இழுத்துக் கொடுக்கும், காசில்லாத உரத் தொழிற்சாலை. காயைப் பறித்துக்கொண்டு செடியை மடக்கி உழுதுவிடுவேன். பிறகு சோளம் முழங்கால் உயரம் வந்ததும் யூரியா, அதுவும் மற்றவர்கள் போடுவதில் பாதி, ஈரம் பார்த்து, தூரில் வைத்து, மண்ணால் மூடி. எருவும் வேண்டும், உரமும் வேண்டும், பயறும் வேண்டும், ஒன்று செய்வதை மற்றது செய்யாது. இதைச் சொன்னால் எந்தக் கட்சியிலும் இடம் இல்லை.

இந்த வருடம் பயறு நன்றாக முளைத்துவந்த சமயத்தில்தான் அம்மாவின் கண் ஆபரேஷன். மருத்துவமனையிலும், பிறகு சோதனைக்காக அதன் பக்கத்திலேயே ஒரு மாதமும் நான் கூட இருந்தாகவேண்டும். பெரியப்பா தானாக வந்து, "நீ போடா, மோட்டார் போடறதுக்கு நான் இருக்கேன்ல" என்றார். எனக்கு அப்போதே உள்ளுக்குள் குறுகுறுத்தது. அவர் செய்கிற உதவி எதுவும் எனக்கு ஒத்துக்கொண்டதே இல்லை. இருந்தாலும் அம்மா ஒரு கண் மங்கிப்போயும் என் பக்கம் திரும்பி, வாயை மூடிக்கொண்டு சரி சொல்லுங்கள் என்பதுபோல் பார்த்தாள், ஒற்றைக் கண்ணாலேயே அவளுக்கு அது முடியும். திரும்பி வந்து பார்த்தால் மோட்டார் அறைப் பக்கத்துப் பாதி நிலத்தில் பயறு நான் விட்டுப்போன மாதிரியே வெளிர்பச்சையாக நிற்கிறது, ரோட்டுப் பக்கத்துப் பாதி கருகருவென்று இலை விரித்து, இடுப்பளவு மண்டிக் கிடக்கிறது. ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் சைக்கிளை நிறுத்தி, "சார், பின்னிட்டீங்க" என்கிறான். சாணி மாமாகூட, "இப்பத்தான் மாப்ளே உனக்குப் புத்தி வந்திருக்கு, எருவோட மகிமையைப் பாத்தியா" என்று தோளில் தட்டினார். எனக்கு அந்தப் பச்சை சரியாகப் படவில்லை. ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் மழித்த முகம் மாதிரி சுத்தமாக இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை. வேலை செய்கிற முடிச்சு உள்ளே ரோஜா நிறமாக இருக்கும், ஈறு மாதிரி. மோட்டார் அறைப் பக்கம் போய்ப் பிடுங்கினேன், அங்கே கொத்துக்கொத்தாக முடிச்சு, கீறினால் ரோஜா. விஷயம் விளங்கிவிட்டது. யாரோ ரோட்டுப் பக்கம் யூரியாவை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். சும்மா சாப்பாடு கிடைத்தால் பயறு எதற்கு உழைக்கும், அது காற்றிலிருந்து எடுப்பதை விட்டுவிட்டு இலையை மட்டும் வளர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பூவும் இல்லை, காயும் இல்லை.

நேரே உரக்கடைக்குப் போனேன். கடைக்காரரின் கைவேலை என்றுதான் நினைத்தேன், தன் மூட்டையின் பெருமையைக் காட்ட என் நிலத்தில் விளையாடிவிட்டார் என்று. கடையில் நாலு பேர் நிற்கும்போதே கேட்டேன். அந்த மனிதர் கோபப்படவில்லை, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார், அது இன்னும் மோசம். "உங்க அண்ணன்தான் சார் வந்து வாங்கிட்டுப் போனாரு. தம்பி பயிர் வெளுத்துக் கிடக்கு, பந்தயத்துல தோத்துட்டா அவன் மனசு தாங்காது, நான் போட்டேன்னு அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னாரு" என்றார். கெடுக்க நினைத்துப் போட்டிருந்தால் நான் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். ஜெயிக்கவைக்கப் போட்டிருக்கிறார். அதுவும் ரோட்டுப் பக்கம் மட்டும், நாலு பேர் கண்ணில் படுகிற பக்கம். உனக்குச் சொல்கிறேன், இதுதான் என் வாழ்க்கை முழுக்க நடந்தது. அவர் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் உட்கார்ந்ததால்தான் நான் படித்தேன். உண்மைதான், இல்லை என்று நான் சொன்னதே இல்லை. ஆனால் அதை அவர் முப்பது வருடமாக என் முதுகில் ஏற்றி வைத்திருக்கிறார். என் கல்யாணத்தில் சொன்னார், நீ பிறந்தபோது சொன்னார், நான் வேலையை விட்டபோது உரக்கச் சொன்னார். கேட்காமல் கொடுப்பார், கொடுத்ததை மறக்கமாட்டார், வாங்கினவன் ஒழுங்காக நன்றியோடு முகம் வைத்திருக்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். நன்றி சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இப்போது என் பயறுக்கும் அதையே செய்துவிட்டார்.

நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பயறை மடக்கி உழுதேன். நடுவில் பெய்த மழையில் அவர் போட்ட யூரியாவில் இலைக்குப் போனது போக மிச்சம் கரைந்து ஓடிவிட்டது, வேரிலும் பயறு ஒன்றும் சேர்த்துவைக்கவில்லை, அந்தப் பக்கத்துச் சோளத்துக்குப் பசிதான் என்று எனக்குத் தெரியும். சோளம் போட்டேன், இரண்டு பக்கமும் ஒரே எரு, ஒரே விதை, ஒரே அளவு உரம். இங்கேதான் உன் அம்மா என்னோடு மல்லுக்கு நின்றாள். "ரோட்டுப் பக்கம் ரெண்டு கை யூரியா சேத்துப் போட்டா என்ன கொறஞ்சிடும் உங்களுக்கு, தோத்தா நிலமே போயிடும்ல" என்றாள். நியாயமான கேள்வி. சேர்த்துப் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் சமமாக நின்றிருக்கும், நான் ஜெயித்திருப்பேன், பெரியப்பா கடைசிவரை தன் யூரியாதான் தம்பியைக் காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டிருப்பார், இன்னொரு முப்பது வருடம். என் மண்ணும் அவருக்குக் கடன்பட்டுவிடும். அது நடக்காது என்றேன். "நிலம் போனாலும் பரவால்ல, வீம்பு போகக்கூடாது, அதானே" என்றாள். ஆமாம் என்றேன். அன்றைக்கு அவள் எனக்குத் தட்டைக் கையில் தரவில்லை, மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சோளம் வளர வளர வித்தியாசம் தெரிந்தது. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் இரண்டு பக்கமும் ஒரே உயரம்தான், தண்ணீரும் ஒன்றுதான், ஆகவே வேறு காரணம் தேடவேண்டியதில்லை. மோட்டார் அறைப் பக்கம் பக்கத்து நிலத்துச் சோளத்தைத் தலைக்கு மேல் தாண்டி நின்றது, ரோட்டுப் பக்கம் அடியிலை மஞ்சளாகி, கதிர் சிறுத்து, பக்கத்து நிலத்துக்கு ஒரு முழம் தாழ்ந்து நின்றது. இரவில் எனக்குத் தூக்கம் வந்ததா என்று கேட்காதே.

கதிர் முற்றியதும் பெரியப்பா சூளைக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். முதலில் ரோட்டுப் பக்கம்தான் பார்த்தார், முகம் தொங்கிப்போனது. சந்தோஷப்படவேண்டிய மனிதர், அவர் பக்கம்தானே தீர்ப்பு. உள்ளே நடந்து மோட்டார் அறைப் பக்கம் போய்த் திரும்பி வந்தார், வேட்டியில் சோளத்தாள் கீறியது. "அந்தப் பக்கம் அப்படி இருக்கு, இந்தப் பக்கம் ஏன்டா இப்படி?" என்றார். நான் சொல்வதற்குள் அம்மா சொல்லிவிட்டாள், கண் சரியானதிலிருந்து அவள் எதையும் மறைத்துவைப்பதில்லை. "நீங்க போட்ட யூரியா மச்சான்" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சோளத்தைப் பார்த்தார். வியாபாரி குரலுக்கு மாறி, "பாதி ஜெயிச்சிருக்க, பாதி தோத்திருக்க. உள்பக்கம் உனக்கு, ரோட்டுப் பக்கம் சூளைக்கு. பேச்சுன்னா பேச்சு" என்றார். நான் தடுக்கவில்லை. பேச்சு என்றால் பேச்சுதான், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை, அம்மாவைக் கேட்டுப் பார். சூளைக்காரர் கடப்பாரையை வாங்கி ரோட்டுப் பக்கத்தில் ஒரு குழி தோண்டினார். ஒரு கை மண் எடுத்தார், பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பிசைந்தார், உருண்டை பிடித்து, கயிறு மாதிரி திரித்துப் பார்த்தார். உதிர்ந்தது. வேறு இடத்தில் தோண்டினார். அங்கேயும் அது உதிர்ந்து, நடுவில் ஒரு மண்புழு நெளிந்தது. அவர் கையைத் தட்டிவிட்டு, "இது செங்கலுக்கு ஆகாதுங்க" என்றார். பெரியப்பாவுக்குப் புரியவில்லை. "ஏன், நீங்கதானே பாத்துட்டு எடுத்துக்கறேன்னீங்க?" என்றார். "அது மூணு வருசத்துக்கு முந்தி. அப்ப இறுக்கமா, சுத்தமா இருந்துச்சு. இப்ப ஒரே வேரும் மக்குமா கெடக்கு, சூளையில வச்சா உள்ள இருக்கறதெல்லாம் எரிஞ்சு பொத்தலாயிடும், கல்லு கையில எடுத்தாலே உடையும். இதைக் கழிச்சிட்டு அடியில வெட்டறதுன்னா எனக்குக் கூலி கட்டாது. நல்ல மண்ணைக் கெடுத்து வச்சிருக்காரு உங்க தம்பி" என்று சொல்லிவிட்டு என் துண்டிலேயே கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். படித்துப் பட்டம் வாங்கியபோது ஒரு காகிதம் கொடுத்தார்கள், அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. சூளைக்காரர் கொடுத்த சான்றிதழ் எனக்குப் போதும். தோற்ற பாதியே செங்கலுக்கு ஆகாத மண்ணாகிவிட்டது என்றால் ஜெயித்த பாதியை யோசித்துப் பார்.

பெரியப்பா காரில் ஏறி உட்கார்ந்தவர் கதவைச் சாத்தவில்லை. "நான் போட்டது தப்புன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லடா" என்றார். நீங்கள் கேட்கவில்லையே, கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாமே என்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். கடுமையாகப் பேசிவிட்டேன் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுநாள் கதிர் ஒடித்ததும் அவர் வீட்டுக்கு ஒரு கூடை அனுப்பினேன், ரோட்டுப் பக்கத்துக் கதிராகப் பார்த்து, சின்னச் சின்னதாக. அவர் விளைச்சல் அவருக்கு. கூடை கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது, பயறு எந்த மாதம் விதைக்கப்போகிறான் என்று கேட்டுவிட்டு வா என்று கொண்டுவந்தவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். முதன்முறையாக ஒன்றைக் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் அனுப்பவில்லை, கொஞ்சம் காத்திருக்கட்டும். இதை நீ போனில் அவரிடம் உளறிவைக்காதே.

இனி உன் கேள்விக்குப் பதில். நான் வரவில்லை. அங்கே மாடிக் குடியிருப்பில் எனக்கு ஒரு அறை ஒதுக்கி, ஒரு நாற்காலி போட்டு, வேளாவேளைக்குச் சாப்பாடு தருவீர்கள் என்று தெரியும், உன் மனசும் தெரியும். அதற்காகவே வரவில்லை. சாணி மாமாவும் உரக்கடைக்காரரும் இன்னும் என்னை ரெண்டுங்கெட்டான் என்றுதான் சொல்கிறார்கள், சோளத்தைக் கண்ணால் பார்த்த பிறகும். அவர்களை ஒத்துக்கொள்ளவைக்க எனக்கு இன்னும் நாலைந்து பருவமாவது வேண்டும். அம்மாவுக்கு உன்னைப் பார்க்க ஆசை, ஒடித்த சோளம் காய்ந்து மூட்டை கட்டி முடிந்ததும் அவளை மட்டும் அனுப்புகிறேன், திரும்பி வருகிற டிக்கெட்டையும் சேர்த்துப் போட மாப்பிள்ளையிடம் சொல். நீ எனக்கு எதுவும் அனுப்பவேண்டாம். வேண்டும் என்றால் கேட்பேன், கேட்க எனக்கு வாய் இருக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் காதில் வாங்கிக்கொண்டு, நினைத்த காரியத்தில் தலைநிமிர்ந்து நிற்கவேண்டும், அப்பாவின் ஆசி எப்போதும் உங்களுக்கு உண்டு. ஒன்று சொல்ல மறந்தேன். பால்கனித் தொட்டியில் இருக்கும் உன் பீன்ஸ் கொடியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய், வாரம் தவறாமல் கடையில் வாங்கிய சத்துநீர் ஊற்றுகிறேன், இலை இலையாகப் போகிறது, ஒரு காய்கூட இல்லை என்று எழுதியிருந்தாய். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார், முடிச்சு இருக்காது. நம் வீட்டு ரத்தம், பெரியப்பாவும் நீயும் கையில் எது கிடைத்தாலும் ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள். அந்தச் சத்துநீரை நிறுத்து. தண்ணீர் மட்டும் விடு, கையைக் கட்டிக்கொண்டு நில். கொஞ்சம் வெளுக்கும், பயந்து ஓடிப்போய் எதையாவது வாங்கி வந்து ஊற்றாதே. அதற்கு வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும், காய்க்கும்.

இப்படிக்கு,
இடத்தை விட்டு அசையாத
உன் அப்பா